இரண்டாவது மாஸ்க்

திருத்தணி
6-10-2024

அன்புள்ள மச்சான் சடகோபனுக்கு, உன் அக்காள் புருஷன் கஜபதி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா கெங்கம்மாளும் நலம். ஓசூரில் நீயும் சுஜாதாவும் நலமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இதை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது வரை கட்டைவிரலை மையில் தோய்த்தவன், இன்று உன் பெயரை முழுதாக எழுதிவிட்டேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. பானுப்ரியா டீச்சர் சொல்லிக்கொடுக்கிறது. கடிதம் என்றால் முதலில் நலம் சொல்ல வேண்டும், அடுத்து நலம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விஷயம் என்று சொன்னது. மரத்தில் அளவு குறிக்கிற பென்சிலால்தான் எழுதுகிறேன். பேனா வழுக்குகிறது. இவ்வளவு எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. 'ஞ' எழுதும்போது பலகையில் பூ செதுக்குகிற மாதிரி இருக்கிறது. அந்த எழுத்து வருகிற வார்த்தையாகத் தேடுகிறேன், அதிகம் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி செய்து கொடுத்த பணத்தில் மரம் தேய்க்கிற மெஷின் வாங்கிவிட்டேன். உப்புத்தாளைக் கையில் பிடித்து அரை நாள் தேய்த்ததை அது பத்து நிமிடத்தில் தேய்க்கிறது. என் தோள்பட்டை வலி போன இடம் தெரியவில்லை. இப்போது பூஜை அலமாரி வேலை ஓடுகிறது. தூள்தான் அதிகம். மைதா மாவு மாதிரி கொட்டகை முழுக்கப் பறக்கிறது. தினமும் சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம் வாயில் போட்டுக்கொள்கிறேன், தொண்டை சுத்தமாகிவிடும்.

கொட்டகையிலும் ஒரு சாமி மாடம் உண்டு, உனக்குத் தெரியும். பெருக்காத இடத்தில் உன் அக்கா விளக்கு வைக்கமாட்டாள். விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடமாட்டாள். அதனால் ஆறு மணிக்கு முன்னால் நான் மெஷினை நிறுத்துவதும் அவள் துடைப்பத்தோடு நுழைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வெளியே வரும்போது தலையெல்லாம் வெள்ளை. கிழவி ஆகிவிட்டாய் என்று கேலி செய்வேன். நீ மட்டும் குமரனா என்பாள்.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளையும் வகுப்புக்குக் கூப்பிட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் படித்தால் போதும் என்கிறாள். பதில் போடு.

இப்படிக்கு
கஜபதி


ஓசூர்
20-10-2024

அன்புள்ள பாவாவுக்கு, சடகோபன் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகமும் அக்காவின் சுகமும் கேட்கிறோம்.

உங்கள் கடிதத்தை சுஜாதா இரண்டு தடவை வாங்கிப் படித்தாள். கம்பெனிக்கும் எடுத்துப்போய்க் காட்டினேன். நாற்பது வருடமாகத் தெரிந்த மனிதரின் கையெழுத்தை முதல் முறையாகப் பார்ப்பது புதிதாகத்தான் இருக்கிறது.

பாவா, வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும். தூள் போவது நெஞ்சுக்கு. நான் மேஜை நாற்காலி செய்கிற கம்பெனியில் ஸ்டோரில் இருப்பவன், இதைத் தினமும் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூள் உங்கள் மடியில் விழும். கண்ணுக்குத் தெரியாததுதான் உள்ளே போய்த் தங்கும். துண்டைக் கட்டிக்கொண்டால் அது நிற்காது. இதோடு இரண்டு மாஸ்க் அனுப்பியிருக்கிறேன். மூக்கின் மேல் இருக்கிற தகட்டை நன்றாக அழுத்தி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் போடுங்கள். மெஷின் ஓடும்போது டேபிள் ஃபேனைப் பின் ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள்.

தொடர்ந்து எழுதுங்கள்.

அன்புடன்
சடகோபன்


திருத்தணி
24-11-2024

அன்புள்ள மச்சானுக்கு, இங்கு எல்லோரும் நலம். அங்கு எல்லோரும் நலமா?

மாஸ்க் வந்து சேர்ந்தது. மூச்சு விட முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. எதிர்வீட்டு ராஜவேலு எட்டிப் பார்த்து, "இன்னா கஜபதி, போரடிக்கற மாட்டுக்கு வாய்க்கூடை கட்டனாப்புல கட்டிக்கினு இருக்கற?" என்றான். மாட்டுக்குக் கட்டுவது நெல்லைத் தின்னாமல் இருக்க, எனக்குக் கட்டியிருப்பது மரத்தைத் தின்னாமல் இருக்க என்று சொன்னேன். மாஸ்க்குக்குள் இருந்து சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை. நல்ல பதில், வீணாகிவிட்டது.

நீ சொன்னபடி ஃபேன் வைத்துவிட்டேன். மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றி உளி மாட்டுகிற ஆணியில் மாட்டிவிடுகிறேன். ஒன்றைத்தான் எடுத்தேன். இரண்டாவதைப் பெட்டியைப் பிரிக்காமல் சாமி மாடத்தின் மேல் வைத்திருக்கிறேன், முதலாவது பழசானால் ஆகும். என் தொண்டைக் கரகரப்பு நின்றே போனது. நீ புத்திசாலி.

தீபாவளிக்கு முன்னால் நான்கு நாள் ஆர்.கே.பேட்டையில் ஒரு புது வீட்டுக்குக் கதவு மாட்டப் போய் வந்தேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இருமலைப் பற்றி எழுதக் கூடாது என்று உன் அக்கா சொல்லியிருக்கிறாள். ஆகவே இருமலைப் பற்றி எழுதவில்லை.

உன் நலம் விரும்பும்
கஜபதி


ஓசூர்
15-12-2024

அன்புள்ள பாவாவுக்கு, நாங்கள் சுகம்.

யாருக்கு இருமல்? போன ஞாயிறு போன் செய்தபோது அக்கா, "சாப்ட்டியாடா" என்று கேட்டுவிட்டு உடனே போனை உங்களிடம் கொடுத்துவிட்டாள். என்னிடம் அரை மணி நேரத்துக்குக் குறைந்து பேசியவள் இல்லை. எத்தனை நாளாக என்று எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

சடகோபன்


திருத்தணி
5-1-2025

அன்புள்ள மச்சானுக்கு, இங்கு இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மலைக்கோயிலில் படித் திருவிழா நன்றாக நடந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்தே கூட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்திக்கொண்டு ஏறினார்கள். உன் அக்கா கல்யாணம் ஆகி வந்த வருடத்திலிருந்து முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் வைத்தவள். நான்தான் தட்டு பிடிப்பேன்.

இந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி என்றாள். பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. தண்ணீர் கொடுத்தேன், கையால் பொறு என்றாள். மிச்சம் இருநூற்று ஐம்பத்து மூன்று படிக்கும் நானே மஞ்சள் வைத்துவிட்டு வந்தேன். இறங்கி வந்தபோது அதே இடத்தில் இருந்தாள். மலைக்குக் கூட வயசாகிவிட்டது, படியெல்லாம் உயரமாகிவிட்டது என்று சிரித்தாள்.

குடத்தை இப்போது பாதிதான் நிரப்புகிறாள். குழாயிலிருந்து வருகிற வழியில் வேப்பமரத்தடியில் ஒரு தடவை நின்றுவிட்டு வருகிறாள். இதுவும் முழங்கால்தான் என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத அவள் விடவில்லை. பொய் எழுத எனக்கு இன்னும் அவ்வளவு எழுத்து வரவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

கஜபதி


ஓசூர்
19-1-2025

அன்புள்ள பாவாவுக்கும் அக்காவுக்கும் சடகோபன் வணக்கம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. சுஜாதா அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். குளிர் அதிகம் என்பதைத் தவிர வேறு விசேஷம் இல்லை. முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

சடகோபன்

(இதனுள் மடித்து வைத்த சீட்டு)

பாவா, இந்தச் சீட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். இது உங்களுக்கு மட்டும்.

நலம் என்று மேலே எழுதிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்ததைக் கீழே எழுதுகிறீர்கள். முழங்கால் வலிக்கிறவர்களுக்குத் தோள் ஏறி இறங்காது.

எங்கள் கம்பெனியில் கன்னியம்மாள் என்று ஒருவர் பதினொரு வருடம் பெருக்கினார். மெஷினில் நிற்கிற எல்லோருக்கும் மாஸ்க் எடுத்துக் கொடுப்பவன் நான். மெஷின் நின்ற பிறகு வருகிற ஆளுக்கு மாஸ்க் எதற்கு என்று நினைத்திருந்தேன். அவரும் கேட்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு என்ஜினியர் சொன்னார். பெரிய தூள் கீழே விழுந்துவிடும், மாவு மாதிரி இருப்பது மெஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் காற்றிலேயே நிற்கும், துடைப்பம் விழுந்ததையும் எழுப்பிவிடும் என்றார். நீங்கள் மாஸ்க்கை ஆணியில் மாட்டுகிற அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வருகிறாள்.

கன்னியம்மாள் போன ஆனியில் இறந்துவிட்டார்.

அக்காவை நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள். கொட்டகைத் தூளால் வந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். சொன்னால், உங்கள் தொழில் நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாள்.


திருத்தணி
30-3-2025

சடகோபா,

நலம் என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். வரவில்லை. எடுத்து எடுத்து வைத்ததில் இரண்டு மாதம் போய்விட்டது. அதை விட்டுவிட்டு எழுதுகிறேன். டீச்சர் மன்னிக்க வேண்டும்.

எனக்குச் சத்தம் இல்லாமல் படிக்கத் தெரியாது. வாய் சொல்லி, காது கேட்டால்தான் எழுத்து எனக்கு வார்த்தையாகிறது. உன் சீட்டைப் பிரித்து, சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். உன் அக்கா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு வரியைப் பிடித்துவிட்டால் அடுத்த வரி தவறிவிடுமோ என்ற பயத்தில் ஓடிக்கொண்டே இருப்பவன் நான். கன்னியம்மாள் இறந்தது வரைக்கும் படித்துவிட்டேன். அப்போதுதான் நான் என்ன படிக்கிறேன் என்பது எனக்கு மண்டையில் ஏறியது.

கீரை உருவுகிற கை நின்றது. "படி மாமா, மீதியையும் படி" என்றாள்.

படித்தேன்.

உருவிய கீரையை முறத்தில் தள்ளினாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள். "தீபாவளிக்கு முன்னாடி நாலு நாள் நீ ஆர்.கே.பேட்டைக்குப் போய்க்கினு இருந்த இல்ல, அந்த நாலு நாளும் எனக்கு இருமல் இல்ல. அஞ்சாம் நாள் பெருக்கனேன், வந்துடுச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மெஷினை நிறுத்திடுவ. அது வந்தப்புறம்தான் உன் தோள் வலி போச்சு. நைட்ல நீ முனகாம தூங்கறதை எத்தினி வருஷம் கழிச்சுப் பாக்கறேன்."

சடகோபா, என் தொண்டை சரியாகிவிட்டது என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டாள்.

மறுநாளே பஸ் ஏறித் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனேன். நீ பயந்த மாதிரி இல்லை, மறுக்காமல் வந்தாள். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை ஊதினாள். ஊதியது பத்தவில்லை என்று குழாயைப் பிடித்திருந்த பெண் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றாள். நான் குறுக்கே பேசினேன். முப்பது வருடமாக என் கொட்டகையைப் பெருக்குகிறாள், ஐயா என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

போன மூச்சு திரும்பி வராது என்று சொன்னார். இருக்கிற மூச்சு குறையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் என்றார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்.

மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டேன். வகுப்புக்கும் போகவில்லை.

கஜபதி


ஓசூர்
9-4-2025

அன்புள்ள பாவாவுக்கு, அக்காவுக்கு,

தப்பு என்னுடையது. நீங்கள் படிக்கும்போது வாய் அசையும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, இரண்டு மாஸ்க் அனுப்பியபோது ஒன்று அக்காவுக்கு என்று எழுதாதது. எழுதத் தோன்றவில்லை. கன்னியம்மாளைப் பார்த்த பிறகும் தோன்றவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மெஷினைக் கட்டி வைப்பதால் அக்காவுக்குச் சுகம் வராது. உங்கள் தோள் திரும்ப வலித்தால் அவளுக்கு அது வேறு கவலை. துடைப்பம் மட்டும் கொட்டகைக்குள் வரக் கூடாது. மெஷினோடு இணைத்து வைக்கிற தூசி உறிஞ்சி ஒன்று பழசாகக் கிடைத்தது, லாரியில் போட்டிருக்கிறேன். மெஷினை நிறுத்தினாலும் ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போக வேண்டாம், ஃபேன் ஓடட்டும். அதற்குப் பிறகு தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடையுங்கள். அப்போதும் மாஸ்க் முகத்தில் இருக்கட்டும். சட்டையை வெளியே கழற்றி நனைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். துடைக்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

அக்கா, உனக்கு ஒன்றும் எழுத எனக்குக் கை வரவில்லை. மருந்தை விடாதே.

சடகோபன்


திருத்தணி
24-8-2025

அன்புள்ள மச்சானுக்கு,

தூசி உறிஞ்சி அப்போதே வந்து சேர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இருபத்தாறு காவடி. இப்போதுதான் கை ஒழிந்தது. வகுப்புக்கும் திரும்பப் போகிறேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், இன்னும் அந்த வார்த்தை பழைய மாதிரி வரவில்லை.

நீ சொன்னதில் எல்லாவற்றுக்கும் உன் அக்கா தலையாட்டினாள், விளக்குக்கு மட்டும் ஆட்டவில்லை. சித்திரையில் பத்து நாள் சண்டை. கொட்டகையில் விளக்கை விட்டுவிடு என்றேன். அவள் கேட்கவில்லை. தூசி மேல் விளக்கு வைக்கிற வீடு எங்கே இருக்கிறது என்றாள். காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்றேன். நேற்றைய அழுக்கில் இன்றைக்கு எந்தச் சாமி வரும் என்றாள். மூச்சு வாங்க வாங்கச் சண்டை போட்டாள். நான்தான் பயந்து வாயை மூடினேன்.

பதினொன்றாம் நாள் அவளே வழி சொன்னாள். "விளக்கு நேரத்தை நீ மாத்தாத, உன் வேலை நேரத்தை மாத்து" என்றாள். அவ்வளவுதான், சடகோபா. முப்பது வருடம் எனக்குத் தோன்றவில்லை. இப்போது விடிந்ததும் மெஷினை ஆரம்பித்து மூன்று மணிக்கு நிறுத்துகிறேன். கதவைச் சாத்தி ஃபேனை ஓடவிட்டு நாலரை வரை வெளியே உட்கார்ந்து எழுத்து எழுதுகிறேன். பிறகு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் தெளித்து, முட்டி போட்டுத் துடைக்கிறேன். அந்தத் துணியைப் பிழிகிற தண்ணீர் கஞ்சி மாதிரி இருக்கிறது. ஈரம் காய்ந்த பிறகு அவள் வந்து விளக்கு வைத்துவிட்டுப் போகிறாள்.

ஒரே ஒரு நாள் தவறினேன். கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது, கனகம்மாசத்திரத்துக்காரர்களின் காவடி ஐந்து மீதி. மணி ஐந்தாகியும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் உன் அக்கா நிற்கிறாள். கையில் துடைப்பம். முகத்தில் மாஸ்க், அந்த இரண்டாவது மாஸ்க், மடிப்புக்கூடக் கலையாமல். மூக்குத் தகட்டை அழுத்தத் தெரியாமல் போட்டிருந்தாள். பெருக்கப்போகிற மாதிரி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மெஷினை நிறுத்திவிட்டேன். அந்த ஐந்து காவடியைக் கையால் தேய்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் தோள் வலித்தது, முனகவில்லை. அவள் தூங்கிய மாதிரிதான் இருந்தது.

எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். வேப்பமரத்தடியில் இன்னும் நிற்கிறாள். முன்னைவிட அதிக நேரம் நிற்கிறாளா, குறைவாக நிற்கிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் பார்ப்பவனுக்குத் தெரியாது.

கஜபதி


ஓசூர்
14-12-2025

அன்புள்ள பாவாவுக்கு, அக்காவுக்கு, நாங்கள் சுகம்.

படித் திருவிழாவுக்கு வர வேண்டும் என்றிருந்தேன், வருடக் கடைசி ஸ்டாக் எடுக்கிறார்கள், லீவு கொடுக்கவில்லை. எங்கள் கம்பெனியில் இப்போது பெருக்குகிறவர்கள் மூன்று பேர். மாஸ்க் போடாமல் அவர்களை உள்ளே விடுவதில்லை. நானே வாசலில் நின்று கொடுக்கிறேன்.

அக்கா, ஏறித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கீழேயே நின்று கும்பிட்டாலும் போதும். ஏறினால் பாவா எனக்கு ஒரே ஒரு விஷயம் எழுதட்டும். எத்தனையாவது படி என்று மட்டும்.

சடகோபன்


திருத்தணி
2-1-2026

அன்புள்ள மச்சான் சடகோபனுக்கு,

முதலில் எண்ணைச் சொல், மீதியெல்லாம் அதற்குப் பிறகு என்று உன் அக்கா சொல்கிறாள். எண் இதுதான். நூற்றுப் பன்னிரண்டு.

கூட்டத்துக்கு முன்னால் விடியற்காலையிலேயே போய்விட்டோம். மருந்தை இழுத்துக்கொண்டுதான் புறப்பட்டாள். கற்பூரப் புகைக்காக மாஸ்க் போட்டுக்கொண்டாள், இந்தத் தடவை தகட்டை நான் அழுத்திவிட்டேன். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். மேலே ஒரு கோஷ்டி பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு பாட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பாள், முடிந்ததும் எழுந்திருப்பாள். நான் தட்டு பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். வெளியே சொல்லவில்லை. எழுபதில் ஒரு தடவை சுவரைப் பிடித்தாள். தொண்ணூற்று ஆறில் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாவது படியில் நின்றாள். "இதானே?" என்றாள்.

அவளும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"ஆங், இதான்" என்றேன்.

குனிந்து மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள். உட்கார்ந்தாள். தோள் ஏறி இறங்கியது. தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து வாங்கிக் குடித்தாள். பக்கத்தில் வந்த ஒரு அம்மாள், இன்னும் மேலே நிறைய இருக்கிறதே, எழுந்திரு என்று கை கொடுத்தது. உன் அக்கா கையை நீட்டவில்லை. "போன வருஷம் எது வரிக்கும் வந்தனோ அது வரிக்கும் வந்துட்டேன்மா. நீ போய்க்கினே இரு" என்றாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன மூச்சு திரும்பாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் அவளுக்கும் உனக்கும்தானே தெரியும்.

அடுத்த படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள். மிச்சத்துக்கு நான் மஞ்சள் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தேன்.

இதை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையை விட்டுவிட்டாய், இப்போது எழுது என்கிறாள். எழுதுகிறேன்.

இங்கு இருவரும் நலம்.

கஜபதி